தாத்தாவின் ஸ்பானர் பெட்டி: பேரப்பிள்ளை கையில் முதலில் எதைக் கொடுப்பது?

வாசகர் கேள்வி: என் அப்பா பினாங்கு ஜெலுத்தோங்கில் முப்பது வருஷத்துக்கு மேல் மோட்டார் பட்டறை வைத்திருந்தார். இப்போது வயது 72. கை நடுக்கம் வந்ததும் கடையை மூடிவிட்டு மூன்று இரும்புப் பெட்டிகளோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். சாமான்கள் பாதி துருப்பிடித்துக் கிடக்கின்றன. பெசி பூரோக் (பழைய இரும்பு) லாரிக்குப் போட்டுவிடலாம் என்கிறார் என் கணவர். ஆனால் பத்து வயது மகன் பள்ளி விட்டு வந்ததும் தாத்தாவோடு அந்தப் பெட்டிப் பக்கத்தில்தான் உட்காருகிறான். எட்டு வயது மகளும் கூடவே. எனக்கு இரண்டு பயம். ஒன்று, கையைக் காலை வெட்டிக்கொள்வார்களோ என்று. இன்னொன்று, அப்பா பெட்ரோலில் கை கழுவுவார், வாயால் டியூப்பை உறிஞ்சுவார். பிள்ளைகள் அதையும் சேர்த்துப் பழகிவிடுவார்களோ என்று. எதை வைத்துக்கொள்வது, எதை எறிவது, எப்படிச் சொல்லிக் கொடுப்பது? நான் அந்தப் பட்டறையிலேயே வளர்ந்தவள். ஆனால் "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு" என்று ஒரு ஸ்பானரைத் தொட விட்டதில்லை. நான் ஓட்டுவதும் ஒரு பழைய ஹோண்டா ஈ.எக்ஸ்.5 மோட்டார் சைக்கிள்தான். இந்த வயதில் நானும் கற்றுக்கொள்ள முடியுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இப்போதைக்கு எதையும் எறியாதீர்கள். அதைவிட முக்கியம், எதையும் இன்னும் கழுவாதீர்கள். துரு இன்னும் ஒரு மாதம் காத்திருந்தால் பெரிய நஷ்டமில்லை. அப்பாவின் ஞாபகம்தான் முதல் வேலை.

முப்பது வருஷம் ஓடிய பட்டறைப் பெட்டியில் கடையில் வாங்கிய சாமான்களோடு, அவரே செய்துகொண்டவையும் கிடக்கும். தீயில் காட்டி வளைத்த ரிங் ஸ்பானர், நுனியைத் தேய்த்துச் சன்னமாக்கிய ஸ்க்ரூட்ரைவர், ஒரு முனையில் நான்கு பல் வெட்டிய இரும்புக் குழாய் என்று எதுவும் இருக்கலாம். தெரியாதவர் கண்ணுக்கு அது உடைந்த குழாய். ஹோண்டா கப் வகை எஞ்சினில் கிளட்ச்சைப் பிடித்திருக்கும் நட்டுக்குத் தலை ஆறு பக்கமாக இருக்காது. சுற்றிலும் நான்கு வெட்டுதான் இருக்கும். அதைக் கழற்றவே பல பட்டறைக்காரர்கள் அப்படிக் குழாயை வெட்டி வைத்துக்கொள்வார்கள். இந்த மாதிரிச் சாமானைப் பார்த்தாலே அப்பா எந்த எஞ்சின்களோடு அதிகம் மல்லுக்கட்டினார் என்று தெரிந்துவிடும். ஆனால் எது எதற்கு என்று சொல்ல அவர் ஒருவர்தான் இருக்கிறார்.

தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் போதும். அவரே செய்த ஒவ்வொரு சாமானுக்கும் மாஸ்கிங் டேப்பில் ஒரு எண் ஒட்டுங்கள். நோட்டுப் புத்தகத்தில் அதே எண்ணுக்கு எதிரே மூன்று விஷயம்: எந்த வண்டிக்கு, எந்தப் பாகத்துக்கு, எப்படிப் பிடிப்பது. கடைசியது எழுத்தில் அடங்காது. அவர் அதைக் கையில் பிடித்துக் காட்டும்போது தொலைபேசியில் கையை மட்டும் அருகில் படம் எடுங்கள். எழுதும் வேலையை மகனுக்குக் கொடுங்கள். கேள்வியும் அவனே கேட்கட்டும். நீங்கள் கேட்டால் "அதெல்லாம் பழசும்மா" என்று முடித்துவிடுவார். பேரன் கேட்டால் முடிக்க மாட்டார்.

இது நடக்கும்போதே பிள்ளைகளுக்கு இன்னொரு பாடமும் நடக்கும்: தேய்மானத்தைப் படிப்பது. ஸ்பானர்களை எண் வரிசையில் தரையில் அடுக்கச் சொல்லுங்கள். 10, 12, 14, 17 நான்கும் வாய் தேய்ந்து பளபளவென்று இருக்கும். 13, 16 இரண்டும் ஏறக்குறையப் புதிதாகக் கிடக்கும். காரணம் ஜப்பான் நாட்டு அளவு முறை. 6 மி.மீ. போல்ட்டுக்குத் தலை 10, 8 மி.மீ. போல்ட்டுக்குத் தலை 12, 10-க்கு 14, 12-க்கு 17. ஐரோப்பிய முறையில் அதே 8 மி.மீ. போல்ட்டுக்குத் தலை 13. பினாங்கில் தொழில் செய்தவர் பெட்டி இப்படித்தான் இருக்கும். 1958-ல் பினாங்கைச் சேர்ந்த லோ பூன் சியூ ஹோண்டா மோட்டார்களைக் கொண்டுவந்து விற்கத் தொடங்கியதிலிருந்து இந்தத் தீவின் பட்டறைகள் ஜப்பான் அளவிலேயே பழகியவை.

அதற்கும் முந்திய காலத்துச் சாமான் அடியில் கிடக்கலாம். ஸ்பானர் மேல் "டபிள்யூ" எழுத்தோடு 1/4 (கால்), 5/16 என்று பின்னம் இருந்தால் அது விட்வொர்த், பழைய பிரிட்டிஷ் அளவு முறை. அந்த எண் வாயின் அகலத்தைச் சொல்லாது. போல்ட்டின் தடிமனைச் சொல்லும். கால் விட்வொர்த் ஸ்பானரின் வாய் 13.3 மி.மீ. அதை 13 தலையில் மாட்டித் திருகினால் மூலை உருண்டுபோகும். இவற்றைத் தனி டப்பாவில் போட்டு, பிள்ளைகள் எடுக்காத இடத்தில் வையுங்கள். பி.எஸ்.ஏ., நார்ட்டன் மாதிரிப் பழைய பிரிட்டிஷ் வண்டிகளைச் சீர்செய்கிறவர்கள் இதைத் தேடி அலைகிறார்கள். பெசி பூரோக்கில் போடுவது பாவம்.

இனி எறிய வேண்டியவை. வெர்னியர் காலிப்பரால் ஓப்பன் ஸ்பானரின் வாயை அளந்து பாருங்கள். நல்ல 10-ம் எண் ஸ்பானரின் வாய் 10.2 மி.மீ.-க்குள் இருக்கும். 10.3-ஐத் தாண்டினால் வாய் விரிந்துவிட்டது, அதைப் பிள்ளை கையில் கொடுக்கவே கூடாது. பிள்ளைக்கு வலு குறைவு. நழுவினால் ஏன் நழுவியது என்று தெரியாது. தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்வான். விரல் முட்டி உரிவதை விட அது மோசம். சாக்கெட்டில் மயிரிழை விரிசல் இருந்தாலும் வெளியே. உளியின் தலை காளான் மாதிரி விரிந்து விளிம்பு மடிந்திருந்தால், அடிக்கும்போது அந்த மடிப்புதான் தெறித்துக் கண்ணில் பாயும். கிரைண்டரில் அதைச் சுத்தமாகத் தேய்த்து ஓரத்தைச் சரிவாக்கினால் உளி மறுபடி நல்ல உளி. சுத்தியல் தலை ஆடினால் தண்ணீரில் ஊறப் போடும் வழக்கம் உண்டு. மரம் ஊதி அன்றைக்கு இறுகும். காய்ந்ததும் முன்னைவிடத் தளரும். ஆப்பு அடியுங்கள், இல்லையென்றால் பிடியை மாற்றுங்கள். பிடி இல்லாத அரம் ஒன்றாவது கட்டாயம் இருக்கும். அதன் கூர்வால் உள்ளங்கையில் ஏறிவிடும். பிடி மாட்டாமல் யாரும் தொடக் கூடாது, அப்பாவும்கூட.

ஒன்றே ஒன்று புதிதாக வாங்குங்கள்: ஜே.ஐ.எஸ். (ஜப்பான் தொழில்தரம்) முனை கொண்ட 2-ம் எண் ஸ்க்ரூட்ரைவர். ஜப்பான் வண்டியின் ஸ்க்ரூவைச் சிலுவை என்றுதான் பார்க்கிறோம். உற்றுப் பார்த்தால் தலையில் சிறு புள்ளி ஒன்று இருக்கும். அது பிலிப்ஸ், அதாவது வழக்கமான சிலுவை, இல்லை. பிலிப்ஸ் முனையின் சரிவும் வளைவும் வேறு. ஜப்பான் ஸ்க்ரூவில் அடிவரை இறங்காது. இறுக்கித் திருகினால் மேலே ஏறி வந்து தலையைத் தின்றுவிடும். பழைய வண்டிகளில் கார்பரேட்டர் ஸ்க்ரூவெல்லாம் உருண்டு கிடப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். துரு, வலு எல்லாம் அப்புறம். வெசல் மாதிரி ஜப்பான் கம்பெனி ஸ்க்ரூட்ரைவர் ஹார்ட்வேர் கடைகளில் கிடைக்கும். லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் அலசினால் நல்ல பழைய ஸ்பானரும் கிடைக்கும். ஆனால் ஸ்க்ரூட்ரைவர் முனை தேய்ந்ததாக இருக்கும். அதைப் புதிதாகவே வாங்குங்கள்.

துருவுக்கு வருவோம். சிட்ரிக் ஆசிட் போதும். கேக் சாமான் விற்கும் கடையில் பொடியாகக் கிடைக்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம். பலரும் இதில் தோற்பது ஒரே இடத்தில்: கிரீஸைப் போக்காமலே ஊறப் போடுவது. எண்ணெய்ப் படலத்தைத் தாண்டி அமிலம் துருவைத் தொடாது. முதலில் மண்ணெண்ணெயில் பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தேய்த்து, பிறகு பாத்திரம் கழுவும் சோப்புப் போட்டுக் கழுவி, அப்புறம்தான் பிளாஸ்டிக் தொட்டியில் போட வேண்டும். அலுமினியப் பாத்திரம் ஆகாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்துப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள். ஒரு ராத்திரிக்கு மேல் எதையும் விடாதீர்கள். துரு முடிந்ததும் அமிலம் இரும்பையே தின்னத் தொடங்கும்.

எடுத்ததும் தண்ணீரில் அலசி, லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்த தண்ணீரில் ஒருமுறை முக்கி, துடைத்து, ஹேர் டிரையரில் காய வையுங்கள். காய்ந்த சூட்டோடு எண்ணெய் தடவ வேண்டும். நம் ஊர்க் காற்றில் ஈரமும் கடல் உப்பும் சேர்ந்திருக்கின்றன. பத்து நிமிஷம் பேசிக்கொண்டு நின்றால் ஆரஞ்சு நிறத்தில் புதுத் துரு பூத்துவிடும். தையல் மெஷின் எண்ணெயோ புது எஞ்சின் எண்ணெயோ நல்லது. சமையல் எண்ணெய் வேண்டாம். நாளாக ஆகப் பிசினாகிவிடும்.

குரோம் பூச்சு உரிந்த ஸ்பானரை அமிலத்தில் போடாதீர்கள். பூச்சுக்கு அடியில் அமிலம் புகுந்து மிச்சத்தையும் செதிளாகக் கிளப்பும். அந்தச் செதிள் பிளேடு மாதிரி விரலை வெட்டும். அப்படிப்பட்டதைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எண்ணெய் தடவினால் போதும். ராட்செட், டார்க் ரெஞ்ச், வெர்னியர், ஸ்பிரிங் உள்ள எதுவும் தொட்டிப் பக்கமே போகக் கூடாது.

பெட்டியைச் சிமெண்டுத் தரையில் வைக்காமல் மரக்கட்டை மேல் வையுங்கள். உள்ளே செய்தித்தாள் விரிக்கும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள், அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். கற்பூரம் போட்டு வைப்பது பழைய வழக்கம்; வைக்கலாம், ஆனால் எண்ணெய்க்குப் பதிலாக அல்ல. ஆயுத பூஜைக்கு எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் துடைத்து எண்ணெய் போடும் நாளாக வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை முழுப் பராமரிப்பு தானாக நடந்துவிடும். சந்தனம் குங்குமத்தைப் பெட்டி மூடியிலும் மரப்பிடியிலும் வையுங்கள். ஸ்பானர் வாயிலும் அளவுக் கருவியிலும் ஈரப் பொட்டு வைத்தால், மறுநாள் துடைக்க மறந்த இடத்தில் அதே வட்டத்தில் துரு நிற்கும்.

இப்போது பிள்ளைகள். பத்து வயதுக்கு ஸ்பானர், ஸ்க்ரூட்ரைவர், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), அரம், வைஸில் பிடித்து அறுக்கும் ஹாக்ஸா எல்லாம் கொடுக்கலாம். சுத்தியல் என்றால் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு. கிரைண்டர், மின்சாரத் துளைப்பான், பேட்டரி, பெட்ரோல், ஓடும் எஞ்சின் இந்த ஐந்தும் இப்போது கிடையாது. ஓடும் எஞ்சினில் செயினைத் துணியால் துடைப்பதைப் பெரியவர்களே செய்கிறார்கள். துணி ஸ்ப்ராக்கெட் பற்சக்கரத்தில் மாட்டினால் விரலை இழுத்துக்கொண்டு போகும். கையை எடுக்க நேரம் இருக்காது. ஈ.எக்ஸ்.5-ல் செயினுக்கு முழு மூடி இருப்பதால் உங்கள் வீட்டில் ஆபத்து குறைவு. ஆனாலும் எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்து அம்மா கையில் கொடுத்த பிறகுதான் செயின் பக்கம் போவது என்று பழக்குங்கள். வண்டி ஏறக்குறைய 100 கிலோ. மெயின் ஸ்டாண்டில் நின்றாலும் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். எஞ்சின் ஆறும்வரை புகைக்குழல் பக்கம் யாரும் குந்த வேண்டாம்.

எல்லாரும் முதலில் கழற்றச் சொல்லிக் கொடுக்கிறார்கள். எங்கே முறிகிறது என்றால் மாட்டும்போது. அதனால் இறுக்கும் வலுவை முதலில் கையில் பதிய வையுங்கள். அதற்கு ஒரு பழைய கிளட்ச் கவரோ உடைந்த எஞ்சின் மூடியோ வேண்டும். அப்பாவின் பழைய தொழில் நண்பர்களைக் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். ஹோண்டா கையேட்டில் சாதாரண 6 மி.மீ. போல்ட்டுக்கு இறுக்கம் 10 நியூட்டன் மீட்டர், 8 மி.மீ.-க்கு 22. பிள்ளைக்கு நியூட்டன் புரியாது, கிலோ புரியும். பயணப் பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசை எடுங்கள். 10-ம் எண் ஸ்பானரில் போல்ட்டின் நடுவிலிருந்து 12 செ.மீ. தள்ளிக் கொக்கியை மாட்டி, ஸ்பானருக்குச் செங்குத்தாக இழுக்கச் சொல்லுங்கள். எட்டரைக் கிலோ காட்டும்போது நிறுத்த வேண்டும். அதுதான் 10 நியூட்டன் மீட்டர். தராசில் பத்து முறை. பிறகு தராசு இல்லாமல் கையால் இறுக்கிவிட்டு, தராசை மாட்டி எத்தனை கிலோவில் போல்ட் மறுபடி அசைகிறது என்று பார்க்க வேண்டும். அசையத் தொடங்கும் எடை கொஞ்சம் கூடக் காட்டும், அது சரிதான். ஒரு கிலோ ஏற இறங்க வந்துவிட்டால் அந்தக் கைக்கு அளவு வந்துவிட்டது.

அதன் பிறகு அதே உடைந்த மூடியில் ஒரு மரையை வேண்டுமென்றே கெடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் கூட இருந்து, பெரிய ஸ்பானரில் மெதுவாக. இறுகும், இன்னும் இறுகும், அப்புறம் திடீரென்று வெண்ணெய் மாதிரி இளகும். அந்த இளக்கம்தான் அலுமினியத்தில் மரை பிய்வது. அதை ஒருமுறை தெரிந்துகொண்ட கை, நல்ல எஞ்சினில் அந்த இடத்துக்கு முன்னாலேயே நின்றுவிடும். சொல்லிப் புரிய வைக்க முடியாத பாடம் இது. ஒரு உடைந்த மூடியைச் செலவழித்தாலும் தகும்.

போல்ட்டை மாட்டும் முறையும் அன்றே. முதல் மூன்று சுற்று விரலால் மட்டும். துவாரத்தில் வைத்து முதலில் எதிர்ப்பக்கம் மெல்லத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு படி இறங்கும். அங்கிருந்து முன்னால் திருப்ப வேண்டும். விரலுக்குக் கனத்தால் கோணலாக ஏறுகிறது என்று அர்த்தம், வெளியே எடுத்து மறுபடி.

மகளைச் சாமான் எடுத்துத் தருகிற ஆளாக மட்டும் வைத்துவிடாதீர்கள். எட்டு வயதுக்கு மைலோ டின் நிறைய கலந்து கிடக்கும் போல்ட்டுகள் அருமையான வேலை. 5, 6, 8, 10 மி.மீ. நட்டு ஒவ்வொன்று கொடுத்து, எது எதில் விரலாலேயே இறங்குகிறது என்று பிரிக்கச் சொல்லுங்கள். இறங்காதது அங்குல மரை, இல்லாவிட்டால் அடிபட்டது. அவளுக்கு வெர்னியர் படிக்கவும் சொல்லிக் கொடுங்கள். 20 கோடு உள்ளதென்றால் 0.05 மி.மீ. வரை காட்டும். ஏ4 தாளை அளக்கச் சொல்லுங்கள், சுமார் 0.1 மி.மீ. வரும். தாத்தா வால்வுக்கு வைக்கும் இடைவெளி அந்தத் தாளில் பாதி என்று சொல்லிப் பாருங்கள்.

இரண்டாம் கட்டம், ஓட்டை கார்பரேட்டர் ஒன்று; பெட்ரோல் சுத்தமாக வற்றி, கழுவிக் காய்ந்ததாக இருக்க வேண்டும். கழற்றும் வரிசையில் முட்டை அட்டைக் குழியில் ஒவ்வொரு பாகமாக வைத்து, ஒவ்வொரு படிக்கும் படம் எடுக்கட்டும். காற்று ஸ்க்ரூவைக் கழற்றுமுன் உள்ளே மெல்லத் திருகி, அடியைத் தொடும்வரை எத்தனை சுற்று என்று எண்ணி எழுத வேண்டும். அதை எழுதாமல் கழற்றினால் வண்டி மறுபடி ஒழுங்காக ஐடில் நிற்கப் பாதி நாள் போகும். அழுத்தித் திருகினால் ஊசி முனை உட்காரும் இடம் கெட்டுவிடும். பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டின் துவாரத்தைக் கம்பி விட்டுக் குத்துவது பல பெரியவர்களின் பழக்கம், அப்பாவுக்கும் இருக்கலாம். ஜெட் பித்தளை, கம்பி அதைவிடக் கடினம். துவாரம் பெரிதானால் வண்டி பெட்ரோல் அதிகம் குடிக்கும். பழைய பல் பிரஷ்ஷின் நைலான் இழை போதும், அல்லது காற்று.

மூன்றாவது, பிளக். எஞ்சின் ஆறிய பிறகு. பழைய ஈ.எக்ஸ்.5-க்கு என்.ஜி.கே. சி7எச்எஸ்ஏ வகை, இடைவெளி 0.6 முதல் 0.7 மி.மீ. கழற்றி நிறம் படிக்கப் பழக்குங்கள். வெளிர் பழுப்பு என்றால் சரி. உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம், அல்லது ஏர் ஃபில்டர் அடைப்பு. ஈரக் கருப்பு எண்ணெய் என்றால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வ் சீல் தேய்மானம். வெள்ளையாக வெந்து போயிருந்தால் காற்று அதிகம், அதை அலட்சியம் செய்யக் கூடாது. மாட்டும்போது விரலால் அடிவரை. புது பிளக் என்றால் அதன் பிறகு ஸ்பானரில் அரைச் சுற்று, பழைய பிளக்கே என்றால் அரைக்கால் சுற்று. ஹெட்டில் 10 மி.மீ. மரை, கெட்டால் செலவு பெரிது.

வால்வ் இடைவெளியைத் தாத்தா பேரனின் கையைக் கொண்டு செய்யட்டும். உங்கள் ஈ.எக்ஸ்.5-ன் 97 சி.சி. எஞ்சினுக்கு இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டுக்கும் 0.05 மி.மீ. எஞ்சின் 35 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது ஹோண்டா. ஓடிய வண்டி பினாங்கு மத்தியானத்தில் அவ்வளவு சீக்கிரம் ஆறாது. ராத்திரி முழுக்க நின்ற வண்டியை விடிகாலையில் திறவுங்கள். ஃபீலர் தகடு சும்மா வழுக்கிப் போகவும் கூடாது, பிடித்து இழுக்கவும் கூடாது. இரண்டு தாள் நடுவே இன்னொரு தாளை இழுப்பது மாதிரி ஒரு பிடிப்பு. இந்தப் பிடிப்பு அப்பாவின் விரலில் இன்னும் இருக்கிறது. கை நடுங்கினாலும் தகட்டின் நுனியைப் பிடித்து "இது இறுக்கம், இது தளர்வு" என்று அவரால் சொல்ல முடியும். லாக் நட்டைத் திருப்புவது பேரன், முடிவு சொல்வது தாத்தா. லாக் நட்டை இறுக்கும்போது இடைவெளி மாறிவிடும். இறுக்கிய பிறகு மறுபடி தகடு விட்டுப் பார்க்காமல் மூடியைப் போடக் கூடாது. அவருக்கு நல்ல வெளிச்சம் தரும் மேசை விளக்கும் ஒரு பூதக்கண்ணாடியும் வாங்கிக் கொடுங்கள்.

அவருடைய பழக்கங்களைப் பிள்ளைகள் முன்னால் திருத்தாதீர்கள். தனியாக, "அவனுக்காகச் செய்யுங்கள் அப்பா" என்று கேளுங்கள். தனக்காக மாறாத மனிதர் பேரனுக்காக மாறுவார். விதியைச் சொல்கிறவராக அவரையே ஆக்கிவிடுங்கள்: "தாத்தா கண்ணாடி போட்ட பிறகுதான் வேலை." பெட்ரோலில் பென்சீன் இருக்கிறது. அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள், தோல் வழியாகவும் உள்ளே போகும். கை கழுவ வேறு வழி இருக்கிறது: காய்ந்த கையிலேயே சமையல் எண்ணெய் ஒரு கரண்டி விட்டுத் தேய்த்து, மேலே பாத்திர சோப்பும் ஒரு கரண்டி சீனியும் போட்டுத் தேய்த்து, கடைசியில்தான் தண்ணீர். முதலிலேயே தண்ணீர் பட்டால் கரி இறங்காது. இதைச் செய்து காட்டி, சிங்க் பக்கத்தில் டப்பாவாக வைத்துவிட்டால் பெட்ரோலைத் தேட மாட்டார்.

வாயால் உறிஞ்சுவதற்கு மட்டும் சமாதானமே இல்லை, முழுத் தடை. பெட்ரோல் வயிற்றுக்குப் போவதைவிட நுரையீரலுக்குப் போவதுதான் ஆபத்து. ஒரு மிடறு புரையேறினாலே நுரையீரல் வெந்து சுவாசம் கெடும். நடந்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள்; வாந்தியில் அது இரண்டாம் முறை நுரையீரல் பக்கம் போகும். நேராக மருத்துவமனைக்குப் போங்கள். தேசிய விஷ மையம் நம் பினாங்கில் யு.எஸ்.எம். பல்கலைக்கழக வளாகத்திலேயே இருக்கிறது, அதன் தொலைபேசி எண்ணை எடுத்து ஃபிரிட்ஜ் மேல் ஒட்டி வையுங்கள். உறிஞ்சலுக்குப் பதில் ஹார்ட்வேர் கடையில் கைப்பம்பு மலிவாகக் கிடைக்கும்.

பெட்டியில் பழைய பிரேக் ஷூ, கிளட்ச் தகடு கிடந்தால் அவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். தூசியை வாயால் ஊதக் கூடாது, காய்ந்த பிரஷ்ஷும் கூடாது. ஈரத் துணியால் துடைத்து, துணியோடு கட்டி எறியுங்கள்.

மகன் பிற்காலத்தில் இதே தொழிலுக்குப் போவானா என்று இப்போதே யோசிக்க வேண்டாம். போக விரும்பினால் வழி இருக்கிறது: மூன்றாம் படிவத்துக்குப் பிறகு தொழிற்கல்லூரி, எஸ்.கே.எம். (மலேசியத் திறன்) சான்றிதழ், பாயான் லெப்பாஸில் 1989 முதல் நடக்கும் பினாங்கு திறன் மேம்பாட்டு மையமும் இருக்கிறது. அவன் மருத்துவனானாலும் எட்டரைக் கிலோவின் அளவு கையில் இருக்கும்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். முடியுமா என்று கேட்டீர்கள். முப்பது வருஷச் சத்தம் உங்கள் காதில் இருக்கிறது; கைதான் பாக்கி. பிள்ளைகளுக்கு முன்னால் நீங்களே தொடங்குங்கள். முதல் வேலை உங்கள் ஈ.எக்ஸ்.5-க்கு எண்ணெய் மாற்றுவது.

எஞ்சினை மூன்று நிமிஷம் ஓட விட்டு நிறுத்துங்கள். எண்ணெய் வெதுவெதுப்பாக இருந்தால் போதும், கொதிக்க வேண்டாம். மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி, அடியில் பேசின். வடிகால் போல்ட்டுக்கு 17 ரிங் ஸ்பானர். ஓப்பன் வாய் வேண்டாம். கீழேயிருந்து போல்ட் தலையை நேரே பார்த்துக்கொண்டு இடப்பக்கம் திருப்புங்கள். மேலேயிருந்து குனிந்து பார்த்தால் பக்கம் மாறித் தோன்றும். கழற்றுவதாக நினைத்து இறுக்கி மரையைப் பிய்ப்பது இந்தப் போல்ட்டில்தான் அதிகம். எண்ணெய் வடிந்ததும் அலுமினிய வாஷரைப் புதிதாகப் போடுங்கள். பழையது நசுங்கி முடிந்தது, அதையே போட்டு ஒழுகாமலிருக்கக் கூடுதலாக இறுக்குவதுதான் மரை போகும் இரண்டாவது வழி. விரலால் அடிவரை ஏற்றி, 24 நியூட்டன் மீட்டர், 20 செ.மீ. பிடியின் நுனியில் தராசு 12 கிலோ காட்டும் அளவு. 97 சி.சி. எஞ்சினுக்கு எண்ணெய் மாற்றும்போது 0.7 லிட்டர்தான். மிச்சம் போத்தலில் இருக்கிறதே என்று முழு லிட்டரையும் ஊற்றினால் சீல் வழியே கசியும், எஞ்சினும் கனக்கும். மூன்று நிமிஷம் ஓட விட்டு நிறுத்தி, இரண்டு மூன்று நிமிஷம் கழித்து அளவுக் குச்சியைத் துடைத்து, திருகாமல் சும்மா வைத்து எடுத்துப் பாருங்கள். திருகிப் பார்த்தால் அளவு தப்பாகக் காட்டும்.

வடித்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். 2005-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் சட்டவிதிகளின்படி அது அட்டவணையிட்ட கழிவு. போத்தலில் அடைத்துப் பக்கத்துப் பட்டறையில் கொடுத்தால் அவர்கள் சேர்த்து அனுப்புவார்கள். கை கழுவ எண்ணெய், சோப்பு, சீனி டப்பா.

ராத்திரி வண்டிக்கடியில் ஒரு செய்தித்தாளை விரித்துவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் அதில் சொட்டு இல்லாவிட்டால், தாளை எடுத்துக்கொண்டு போய் அப்பாவிடம் காட்டுங்கள்.